விட்டுப்போன பெட்டி

அன்றும் மழைதான். பஸ் நிறுத்தத்துக் கூரைக்குக் கீழே ஒதுங்கியவள், பக்கத்தில் நின்றவனின் போனை எட்டிப் பார்த்துவிட்டாள். பஸ் வரும் நேரம் சொல்லும் புது ஆப். திரை முழுக்க அவள் வரைந்து விற்ற எழுத்துருவின் எழுத்துகள்! வீட்டு மேசையில் குனிந்து குனிந்து வளைத்த 'அ', வால் நீண்ட 'ழ'... முதன்முதலாக ஓர் அந்நியன் உள்ளங்கையில்.

சட்டென்று நெட் போனது. 'மன்னிக்கவும், இணைப்பு இல்லை' என்று ஒரு பெட்டி எழுந்தது. அதில் மட்டும் போனோடு வந்த பழைய எழுத்து.

"எந்தப் புண்ணியவான் பண்ண வேலை இது?" வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

அவன் திரும்பினான். இமையில் ஒரு மழைத்துளி. "அந்தப் புண்ணியவான் நான்தாங்க. ஆப் நான் செஞ்சது."

"ஒவ்வொரு பக்கமாப் போய் எழுத்த மாத்தினீங்களா? எழுத்துருவோட பேர ஒரே இடத்துல வெச்சிருந்தா எல்லாமே மாறியிருக்கும்ல?"

"அந்தப் பெட்டிய யாருங்க பாக்கப் போறா?" சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் சுட்டது. "வரைஞ்சவ நான் பாப்பேன். என் எழுத்த மொத்தமா எடுத்துடுங்க!"

நனைந்துகொண்டே நடந்தாள்.

"உன் கோவத்துக்கும் ஒரு எழுத்து வரையேன்டி, நல்லா விக்கும்" என்றாள் வீட்டில் அக்கா.

கோபமா அது? அந்தக் கண்கள் ஏன் வீடு வரை வந்தன... ஆப்பைத் திறக்கவே பயந்தாள். எழுத்து போயிருந்தால் அவனும் போய்விட்டான் என்றுதானே அர்த்தம்?

அடுத்த மழைக்கு அதே கூரை. அவன் நின்றிருந்தான்.

"எடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"நீங்க சொன்ன மாதிரி ஒரே இடத்துல வெச்சுட்டேன். இப்ப ப்ரோக்ராம்ல ஒரு வரிய அழிச்சா போதும், மொத்தமும் போயிடும். தினமும் திறந்துட்டு உக்காருவேன்... கை வரலங்க."

போனை நீட்டி நெட்டை அணைத்தான். பெட்டி எழுந்தது. மன்னிக்கவும்... அவள் எழுத்தில்.

"இத வாயாலயும் சொல்லணும். இன்னொண்ணும் சொல்லணும். உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"பஸ் வருது" என்றாள், தலை குனிந்து.

"ஏறலையா?"

"போகட்டுமே..."

அவள் சொன்ன பதில் அவ்வளவுதான். கல்யாணம், வீடு, சண்டை, சமாதானம் எல்லாம் அந்த ஒரு சொல்லை நம்பியே ஓடின.

அவன் இறந்துபோய் இது இரண்டாவது மழைக்காலம். கூரைக்குக் கீழே அவள் மட்டும். நெட் நன்றாகத்தான் இருந்தது. அவன் ஆப்பைத் திறந்து, அவளே அணைத்தாள். பெட்டி எழுந்தது.

"மன்னிச்சு எவ்வளவு நாளாச்சு..." என்றாள் திரையிடம். "எனக்கும் உங்கள ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

பஸ் வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.