மூன்றாவது குத்து

காலை 9.10. காணாமல் போனது ஒரு வைரஸ்.

ஆறு மாதத்துக்கு முன் டிரைவரம்மாவின் ரத்தத்தில் அதன் அடையாளம் அமோகமாக இருந்தது. இன்று வந்த ரிப்போர்ட் 'இல்லை' என்கிறது. நரம்புகளைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு அவள் மாதாமாதம் ஏற்றிக்கொள்ளும் மருந்தும் இந்த வைரஸும் வருடக்கணக்கில் ஒரே உடம்பில் இருந்தால், வைரஸ் மூளையைத் தாக்கிவிடலாம். அதனால்தான் அரையாண்டுக்கு ஒருமுறை ஏற்றும் வேறு மருந்துக்கு மாற்றுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது அந்த அவசியமே இல்லை.

டிரைவரம்மா முகமெல்லாம் பல்லாக நாற்காலியில் சாய்ந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பக்கத்தில் தங்கை, அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டபடி.

மருந்தேற்றும் பிரிவின் தலைமை நர்ஸ் மட்டும் மருந்துப் பையைத் தொங்கவிடவில்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'சிஐடி சிஸ்டர்' என்று பெயர். கேலிக்கு வைத்தார்கள், அவளோ பட்டமாக எடுத்துக்கொண்டாள்.

"என்ன சிஸ்டர், அப்படியே நிக்கிறீங்க?" என்றாள் டிரைவரம்மா.

"வீட்டுக்கு வந்த விருந்தாளிகூட சொல்லிட்டுத்தான் போவான். இந்த வைரஸ் சொல்லாம கொள்ளாம போயிருக்கே!"

9.25. ரத்தம் முந்தாநாள் வீட்டில் வைத்து எடுக்கப்பட்டது. எடுத்த லேப் பெண்ணுக்கு நர்ஸ் போன் போட்டாள்.

"புதுசா சேர்ந்தியாம்மா?"

"போன வாரம்தான் சிஸ்டர்."

"ஆளைச் சரிபார்த்தியா?"

"பேரு, பிறந்த தேதி கேட்டேன். டக்குன்னு சொன்னாங்க."

"எத்தனை குத்து?"

"ஒண்ணே ஒண்ணு. பைப்பைத் திறந்த மாதிரி வந்துச்சு."

9.40. நர்ஸ் பழைய ரிப்போர்ட்டுகளை மேசையில் பரப்பினாள். டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"லேப்ல டியூப் மாறியிருக்கும். விடுங்க."

"மாறல டாக்டர். மாத்தியிருக்காங்க."

10.05. அவள் டிரைவரம்மாவின் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இந்த மருந்து வெள்ளணுக்களை மூளைக்குள்ள போகவிடாது. அதனால ரத்தத்துல லிம்போசைட்ங்கற வெள்ளணு கூடுதலாவே நிக்கும். ரெண்டு வருஷமா உங்க ரிப்போர்ட் எல்லாத்துலயும் கூடுதல். இதுல மட்டும் சாதாரணம். அப்போ இது இந்த மருந்தே ஏறாத ரத்தம். லேப்ல தப்பு நடந்துச்சா? இல்ல. எனக்கு உங்க கை தெரியும். வெந்நீர்ப் பை வெச்சுக் கெஞ்சிக் கூத்தாடினாலும் மூணாவது குத்துலதான் நரம்பு கிடைக்கும். அந்தப் பொண்ணுக்கு ஒரே குத்து! உங்க வீட்டுல, உங்க பேரைச் சொல்லி, உங்க பிறந்த தேதியை மூச்சு விடாம ஒப்பிச்சு வேற ஒருத்தி கையை நீட்டியிருக்கா. தங்கச்சி, சட்டையைக் கொஞ்சம் மடிம்மா."

முழங்கை மடிப்பில் நீலம் பாரித்திருந்தது.

தங்கை அழுதுவிட்டாள். "அக்கா கெஞ்சினா சிஸ்டர். மனசு கேக்கல."

"உன்னைச் சொல்லல. குற்றவாளி உங்கக்காதான். அவ கொல்லப் பாத்ததும் அவளையேதான்."

டிரைவரம்மா தலைகுனியவில்லை. "ஆமா, நான்தான் செஞ்சேன். போன தடவை மருந்து மாத்தினப்போ நடுவுல அஞ்சு மாசம் இழுத்தடிச்சாங்க. பிரேக் எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியாமப் போச்சு. இந்த மருந்துதான் என்னை மறுபடி சீட்டுல உக்கார வெச்சுது. அதைப் போய் விடச் சொல்றீங்களே! எனக்குப் பயமா இருக்கு."

"கண்ணாடியை மூடிட்டு பஸ் எடுப்பீங்களா?"

"எவளாவது எடுப்பாளா?"

"இந்த ரிப்போர்ட்தான் கண்ணாடி. அதைத்தான் மூடினீங்க."

நர்ஸ் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி டாக்டர் முன் வைத்தாள். "கடைசியா ஏத்தி நாலு வாரம் ஆச்சு. இன்னைக்குப் பழைய மருந்து வேணாம். இந்த வாரம் ரத்தம், ஸ்கேன். எல்லாம் சரியா இருந்தா, இன்னும் ரெண்டே வாரத்துல புது மருந்து. தேதியைப் போட்டுக் கையெழுத்து வைங்க. ஒரு நாள் தள்ளினாலும் உங்க ரூம் வாசல்ல நான்தான் உக்காந்திருப்பேன்."

டாக்டர் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

10.40. வெந்நீர்ப் பை. முதல் குத்து, ஒன்றுமில்லை. இரண்டாவதும் அப்படியே. டிரைவரம்மா தங்கையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவதில் குழாய் நிறைந்தது.

"இதுதான் உங்க ரத்தம்" என்றாள் நர்ஸ். "பேரு? பிறந்த தேதி?"

இரண்டையும் டிரைவரம்மாவே சொன்னாள்.