பத்து விநாடிக்கு ஒரு படம்

அவள் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். பதினோரு வருடமாகச் சளி, சீழ், மலம் என்று கையாண்டு அருவருப்பே விட்டுப்போயிருந்தது. புதிதாக வாங்கிய அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்த அன்று, குளியலறை நாற்றத்தில் கணவன் குமட்டிக்கொண்டு வெளியே ஓடினான். அவள் நிதானமாக முகர்ந்து பார்த்தாள்.

"முடி அழுகின வாடை. தண்ணி போற குழாயைச் சுத்தம் பண்ணினா போயிடும்."

மாமனாருக்குப் பக்கவாதம். ஆறு நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அதற்குள் வழுக்காத தரை, சுவரில் கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க மேடை எல்லாம் தயாராக வேண்டும். பகலில் இருவருமே வீட்டில் இருக்கமாட்டார்கள் என்பதால், அவள் பழைய செல்போன் ஒன்றைக் குளியலறைக்குள் கதவுக்கு மேலே ஒட்டி, பத்து விநாடிக்கு ஒரு படம் எடுக்கும்படி வைத்தாள். ஒரு நாள் வேலை இரண்டு நிமிட வீடியோவாக ஓடும். வேலைக்கு வந்த கொத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன் கல்யாணத்தைக்கூட யாரும் இப்படி எடுக்கவில்லை என்றார்.

முதல் நாள் வீடியோ வேடிக்கையாக இருந்தது. பழைய தரை ஓடுகள் செதில் செதிலாக உரிந்தன. கொத்தனார் எறும்பு மாதிரி போனார், வந்தார்.

இரண்டாம் நாள் மாலை. டீ குடித்துக்கொண்டே இருவரும் பார்த்தார்கள். கொத்தனார் சாப்பிடப் போன நேரம். அறை காலி. தரையில் இருந்த தண்ணீர் போகும் துளையிலிருந்து கறுப்பாக ஏதோ நீண்டது.

எலியாக இருக்கும் என்றான் கணவன்.

அவள் வீடியோவை நிறுத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்தினாள்.

முடி. சாம்பல் நிறக் கொழகொழப்பு பூசிய முடி. அடுத்த படத்தில் கைப்பிடியளவு. அதற்கடுத்ததில், அந்தச் சிறிய துளை வழியாகவே, ஒரு நெற்றி. நெடுநேரம் தண்ணீரில் கிடந்த விரல்நுனி போல வெளுத்துச் சுருங்கிய தோல்.

பிறகு அது முழுசாக வெளியே வந்து குந்தியிருந்தது.

மூலையில் கொத்தனாரின் தண்ணீர் பாட்டில். அது பாட்டிலைத் திறந்தது. தன் முடியை உள்ளே விட்டுத் துழாவியது. வெளியே எடுத்து, பாட்டிலின் வாயில் வைத்துப் பிழிந்தது.

அடுத்த படத்தில் அது இல்லை. கொத்தனார் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

அதற்கடுத்த படத்தில் அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து ஓடிப்போய்ச் சமையலறைத் தொட்டியில் வாந்தியெடுத்தாள்.

மறுநாள் காலை கொத்தனார் வந்தபோது குரல் கட்டியிருந்தது. நேற்று மதியத்திலிருந்து தொண்டையில் என்னமோ மாட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அவர்கள் வீடியோவைக் காட்டினார்கள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு விரலை வாய்க்குள் விட்டு இழுத்தார்.

ஒரு சாண் முடி வந்தது.

ஒரு முழம் வந்தது.

கடைசியில் நுனியில் ஒட்டிக்கொண்டு, ஈரமாக, ஒரு விரல் நகம் வந்து விழுந்தது.

கணவன் வேலையை நிறுத்திவிடலாம் என்றான். கொத்தனார் தலையாட்டி மறுத்தார்.

"இதைத் தோண்டி எடுத்துட்டுத்தான் போவேன். பாதியில விட்டா எங்கூடவே வீட்டுக்கு வந்துடும்."

தரையை உடைத்துப் பழைய குழாயைப் பெயர்த்தார். உள்ளே பந்து போல ஒரு உருண்டை அடைத்திருந்தது. முடி, நகம், அழுக்கு. நடுவில் வெதுவெதுப்பாக ஏதோ. எதுவென்று பிரித்துப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. அவள் கையுறை போட்டு, பரிசோதனைக் கூடத்துக் கழிவுப் பையில் அதைக் கட்டி எடுத்துப் போனாள். அங்கே கழிவு எரிக்கும் உலையில் அது எரிந்து முடியும்வரை நின்று பார்த்தாள். வீட்டை விற்றவரிடம் விசாரித்தபோது, அந்தக் குளியலறையைப் பல வருடமாகப் பூட்டியே வைத்திருந்ததாக மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

புதுக் குழாய், புதுச் சிமெண்ட், புது ஓடு. அடுத்த மூன்று நாள் வீடியோவையும் அவள் ஒரு படம் விடாமல் பார்த்தாள். கொத்தனாரைத் தவிர யாருமில்லை. நாற்றமும் போய்விட்டது. கொத்தனாரின் தொண்டையும் சரியானது. அவள் மறுபடி வயிறாரச் சாப்பிட ஆரம்பித்தாள்.

மாமனார் வந்த மறுநாள், நல்ல வெயில் நேரம். அவரை மேடையில் உட்கார வைத்து, கணவன் ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்ணீர் ஊற்றினான். அவள் வெந்நீர் வாளியோடு வந்து அவன் பக்கத்தில் நின்றாள். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக இருந்தார்.

பிறகு முகம் சுளித்தார். குழறிய நாக்கில் மெல்லச் சொன்னார்.

"முதுகு போதும்ப்பா. வாயை எடுக்கச் சொல்லு."

இருவரும் அவருக்கு முன்னால்தான் நின்றார்கள்.

அவர் முதுகுக்கும் புதுச் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருந்தது. அங்கிருந்து, நிதானமாக, உறிஞ்சும் சத்தம் கேட்டது.