பூரியைத் தேடி வந்த வண்டி

மாட்டுப் பொங்கல் என்றால் மாடு வேண்டும். மாங்காட்டில் எழிலரசியின் வீட்டில் மாடு கிடையாது. முன்பு இருந்ததாம். அந்த மாட்டுக் கொட்டகையில் இப்போது அப்பாவின் ஆட்டோதான் நிற்கிறது. அதற்காகப் பண்டிகையை விட்டுவிட முடியுமா?

"நம்ம ஊட்டுல நாலு காலோட கீறது பூரி மட்டும்தான்" என்றான் கோபி.

கோபி எழிலின் தம்பி. படிப்பது ஒன்றாம் வகுப்பு, பேசுவது காலேஜ் பேச்சு. பூரி அவர்கள் வளர்க்கும் நாய். வெள்ளை வெளேரென்று புசுபுசுவென்று இருக்கும். அந்த வருடம் பூரிதான் மாடு என்று கோபியே முடிவு செய்துவிட்டான்.

அம்மா ஒரு பொட்டு வைக்கச் சொல்லி மஞ்சளைக் குழைத்துக் கொடுத்தாள். கோபி கிண்ணம் முழுவதையும் பூரியின் உடம்பில் பூசிவிட்டான். கழுத்தில் சாமந்தி மாலை வேறு. "பொங்கலோ பொங்கல்" என்று தட்டைத் தட்டிக்கொண்டு தெரு முழுக்க ஊர்வலம் போனான். பூரியும் பெரிய மனுஷன் மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தது.

"பொட்டு வைடான்னா, மீன் வறுக்கிற மாதிரி தடவி வச்சிகீறியே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் குளிப்பாட்டும் வேலை எழிலின் தலையில் விழுந்தது. பூரியைக் குழாயடியில் கட்டிப்போட்டுச் சோப்பைத் தேய்த்தாளோ இல்லையோ, மஞ்சள் பூரி செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. நுரை சிவப்பு. எழிலின் கை சிவப்பு. வாசல் சாக்கடையில் ஓடிய தண்ணீரும் சிவப்பு. குளியல் என்றாலே பூரிக்கு ஆகாது. ஏதோ உலகமே அழிந்துவிட்ட மாதிரி அது ஊளையிட்டது.

எழில் பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டாள்.

அம்மா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மஞ்சமேல சோப்பு பட்டா செவக்கும் எழிலு. எம் பொடவைய நீ பாத்ததே இல்லியா? நல்லா அலசு, போயிடும்."

எழில் அலசினாள். ஆனால் பூரி பாதியிலேயே கயிற்றை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. அதனால் காதோரமும் கழுத்தும் மட்டும் ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் நின்றுபோயின.

அத்தோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எங்கே முடிந்தது? அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. பின்பக்கம் கம்பி போட்ட வண்டி.

அப்பா சவாரிக்குப் போயிருந்தார். அம்மா மாவு மில்லுக்குப் போயிருந்தாள். எழிலும் கோபியும் பூரியும்தான் வீட்டில்.

வண்டியிலிருந்து ஒரு பெண் இறங்கி கேட்டைத் தட்டினார். பின்னால் பெரிய மீசையோடு டிரைவர் நின்றார்.

"வீட்டுல பெரியவங்க இல்லையா பாப்பா? நான் விலங்கு நல ஆய்வாளர். உங்க நாயைப் பத்திப் புகார் வந்திருக்கு. கதவைத் திற."

எழில் கேட்டருகே வந்தாள். ஆனாலும் தாழ்ப்பாளில் கை வைக்கவில்லை. போன வருடம் ஒருவன் கேஸ் அடுப்பைச் சோதிக்க வந்ததாகச் சொல்லிப் புது டியூபைக் கழற்றிக்கொண்டு, ஓட்டை டியூபை மாட்டிவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து அப்பா ஒரு சட்டம் போட்டிருந்தார். யார் வந்தாலும் முதலில் கார்டைப் பார்க்க வேண்டும். என்ன விஷயம் என்று கேட்க வேண்டும். பிறகு அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும்.

"உங்க கார்டக் காட்டுங்க ஆன்ட்டி" என்றாள்.

வந்தவரின் புருவம் மேலே போனது. பையைத் துழாவினார். சீப்பு வந்தது, ஸ்பூன் வந்தது, பாதி சாப்பிட்ட கடலை மிட்டாய் வந்தது. கடைசியில் கார்டும் வந்தது. தாட்சாயிணி என்று பெயர் போட்டிருந்தது.

கோபி கேட் கம்பி வழியாக எட்டிப் பார்த்தான். "இது வேற ஆளு. படத்துல கீறவங்களுக்கு ஜடை கீது."

"ஜடையை வெட்டிட்டேன் தம்பி" என்றார் தாட்சாயிணி. டிரைவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

எழில் படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மூக்கும் மச்சமும் அதேதான். "இன்னா புகார் ஆன்ட்டி?"

"நாயைக் கட்டிப்போட்டு ரத்தம் வர்ற மாதிரி அடிக்கிறாங்கன்னு." தாட்சாயிணி போனைக் காட்டினார்.

அதில் ஒரு போட்டோ. உயரத்திலிருந்து எடுத்தது. குழாயடியில் சிவப்புச் சிவப்பாகப் பூரி வாயைப் பிளந்து அலறுகிறது. பக்கத்தில் பச்சைப் பாவாடை கட்டிய ஒரு பெண். அந்தப் பாவாடை இப்போதும் எழிலின் இடுப்பில்தான் இருந்தது.

"ஆமா, அன்னிக்கு பூரி செவப்பா இருந்திச்சி" என்றான் கோபி குஷியாக. "சாக்கடை ஃபுல்லா செவப்பு. செம ஜாலி."

எழில் அவன் வாயைப் பொத்தினாள். லேட். தாட்சாயிணியின் முகம் இறுகிவிட்டது.

"துலுக்கானம், கதவைத் திறங்க" என்றார் டிரைவரிடம். "நாயைக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுவோம்."

வண்டியின் கம்பிக் கதவு கிறீச்சிட்டது. எழில் பூரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. பூரி இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கத்தி அழலாம் போலிருந்தது. ஆனால் அழுதால் பேச முடியாது. இப்போது பேச வேண்டும்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "எங்கம்மா வராம நீங்க இத இட்டுகினு போலாமா ஆன்ட்டி? அப்படி யாராச்சும் உங்களுக்கு எழுதிக் குடுத்துகீறாங்களா?"

தாட்சாயிணி எழிலைப் பார்த்தார், பிறகு பூரியைப் பார்த்தார். பூரி வாலை ஆட்டிக்கொண்டு கோபியின் முழங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

"இல்லை" என்றார். "உயிருக்கு ஆபத்துன்னா வேற விஷயம். இது அப்படித் தெரியல. எழுத்துல உத்தரவு இல்லாம நான் எடுத்துட்டுப் போகக் கூடாது. உங்க சம்மதம் இல்லாம உள்ளேயும் வரக் கூடாது. அவசரப்பட்டுட்டேன். உங்க அம்மாவைக் கூப்பிடு, நான் இங்கேயே நிக்கிறேன்."

எழிலுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. அம்மாவுக்குப் போன் செய்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. அவரை வெளியே நிறுத்தி வைத்தது அவளுக்கே ஒரு மாதிரி இருக்க, கேட் கம்பி வழியாக ஒரு செம்பு தண்ணீரையும் நீட்டினாள்.

அம்மா ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். தலை, புருவம், மூக்கு எல்லாம் மாவு.

"இன்னா எழிலு, யாரு இவங்க?"

"ஆய்வாளரும்மா. கார்டு பாத்துட்டேன்."

"உள்ளே வந்து நாயைப் பார்க்கலாமாம்மா?" என்று தாட்சாயிணி கேட்டார்.

"தாராளமா பாருங்க. நாங்க பக்கத்துல நிப்போம்" என்றாள் அம்மா.

தாட்சாயிணி பூரியின் வாயைத் திறந்து பார்த்தார். பாதங்களைத் தூக்கிப் பார்த்தார். முடியை விலக்கித் தோலைப் பார்த்தார். அம்மா நீட்டிய தடுப்பூசி அட்டையையும் வாங்கிப் பார்த்தார். எங்கும் ஒரு கீறல்கூட இல்லை. பூரி கூச்சத்தில் நெளிந்தது. ஆனால் காதருகே வந்ததும் அவர் கை நின்றது.

"இது என்ன நிறம்? காயத்தை மறைக்க மருந்து ஏதாவது தடவினீங்களா?"

"மஞ்ச மேடம். மாட்டுப் பொங்கலுக்குப் பூசினது" என்றாள் அம்மா.

"போட்டோவுல ரத்தச் சிவப்பா இருக்கேம்மா. மஞ்சள் எப்படிச் சிவப்பாகும்?"

அம்மா சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எழில் சமையலறைக்கு ஓடிவிட்டாள். மஞ்சள் டப்பா, சோப்பு, எலுமிச்சம்பழம் மூன்றோடும் திரும்பி வந்தாள்.

"ஆன்ட்டி, உங்க கர்ச்சீப்பக் குடுங்க."

அவர் வெள்ளைக் கைக்குட்டையைக் கொடுத்தார். பாவம், நடக்கப்போவது அவருக்குத் தெரியாது. எழில் மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து அதில் தேய்த்தாள். கைக்குட்டை மஞ்சளானது. அதன்மேல் சோப்பைத் தேய்த்தாள். குபீரென்று சிவந்தது. போட்டோவில் இருந்த அதே சிவப்பு.

துலுக்கானம் கேட்டுக்கு வெளியே இருந்தபடியே, "மேஜிக்கா கீதே" என்றார்.

"இன்னும் முடியல அண்ணா" என்றாள் எழில். எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் பிழிந்தாள். சாறு விழுந்த இடமெல்லாம் சிவப்பு போய் மறுபடி மஞ்சளானது. "எங்கம்மா பொடவைக்கு இப்படித்தான் பண்ணும். ரத்தமா இருந்தா எலுமிச்சம்பழத்துக்கு மஞ்சளா மாறுமா ஆன்ட்டி?"

தாட்சாயிணி கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"மாறாது. புகார்ல உண்மை இல்லைன்னு எழுதிடறேன். அதுல ஒரு காப்பி கேட்டு வாங்கி வச்சுக்கோங்கம்மா. இது உங்க பிள்ளைங்க நாய், உங்ககிட்டேயேதான் இருக்கும்."

எழிலுக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நிமிடமே கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு ஆன்ட்டி எங்க மேல புகார் குடுத்தது?"

"அதை மட்டும் சொல்ல மாட்டேன்."

சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. போட்டோ உயரத்திலிருந்து எடுத்தது. பக்கத்தில் உயரமாக இருப்பது புது அடுக்குமாடி ஒன்றுதான். எழில் நிமிர்ந்தாள். இரண்டாம் மாடி பால்கனியில் ஒரு தலை சட்டென்று துணிகளுக்குப் பின்னால் ஒளிந்தது. கோயம்புத்தூரிலிருந்து புதிதாகக் குடிவந்த நிஷா அக்கா. நாள் முழுக்கக் காதில் ஹெட்போனோடு வேலை செய்பவர். இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

நன்றாக நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எழிலுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அந்தப் போட்டோ மறுபடி நினைவுக்கு வந்தது. எல்லாம் சிவப்பு, பூரியின் அலறல். அந்த அக்கா இடத்தில் தான் இருந்திருந்தால்? சும்மா இருந்திருப்பாளா?

பூரியின் முன்னங்காலைத் தூக்கி மேலே பார்த்து ஆட்டிக் காட்டினாள். "அக்கா, பூரிக்கு ஒண்ணுமில்ல. கீழ வந்து பாருங்க."

கொஞ்ச நேரத்தில் நிஷா வந்தார். முகத்தில் அசடு வழிந்தது. "நான்தானுங்க போன் பண்ணினது. ரத்தம்னே நெனச்சுட்டனுங்க. ராத்திரி தூக்கமே வரலைங்க. மன்னிச்சுக்கோங்க."

அம்மா முந்தானையால் முகத்து மாவைத் துடைத்தாள். "பரவால்லம்மா. அது குளிக்கிறதப் பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும்."

"நெஜமாவே யாராச்சும் ஒரு நாய அடிச்சா, அப்பவும் போன் பண்ணுங்கக்கா" என்றாள் எழில். "ஆனா நாங்க பக்கத்துலதானே கீறோம். மொதல்ல மேலேந்து ஒரு கொரல் குடுங்க."

நிஷா குனிந்து பூரியின் தலையைத் தடவினார். எல்லோரும் பேசிக்கொண்டே வாசலுக்கு வந்தார்கள். துலுக்கானம் அதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, மேடத்துக்காகப் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தார். கேட் திறந்துதான் இருந்தது. பூரி வெளியே பாய்ந்தது. ஒரே தாவலில் வண்டியில் ஏறி முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"மேடம், மேடம், எனக்கு நாய்னா பயம் மேடம்" என்று அலறிக்கொண்டே துலுக்கானம் மறுபக்கக் கதவு வழியாகத் தெருவில் குதித்தார். அவர் மீசைக்கும் அந்த ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை.

தாட்சாயிணி இரண்டு கையையும் தூக்கினார். "நான் தொடவே இல்லை. நீங்க எல்லாரும் சாட்சி."

நிஷா கூப்பிட்டார், பூரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபி பிஸ்கட் காட்டினான், நாக்கைத் தொங்கப் போட்டதே தவிர இறங்கவில்லை. அம்மா அதட்டினாள். பூரி கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு, எப்போது புறப்படுவோம் என்பதுபோல உட்கார்ந்திருந்தது.

எழில் தெருவில் மண்டியிட்டுக் கையை விரித்தாள்.

"வாடா பூரி. நம்ம ஊட்டுக்குப் போலாம்."

பூரியின் காது நிமிர்ந்தது. சீட்டிலிருந்து பாய்ந்த வேகத்தில் எழிலை மல்லாக்கத் தள்ளிவிட்டு, அவள் முகம் முழுக்க நக்கியது. எழில் சிரித்துக்கொண்டே அதை இறுகக் கட்டிக்கொண்டாள்.

வந்த வண்டி காலியாகவே திரும்பிப் போனது.