சுவர் நிறத்துச் சிப்பாய்

மேஜை மேல் ஆறு சிப்பாய்களை நிறுத்திவிட்டுக் காபி கலக்கப் போன ஏசுவடியான், டம்ளரோடு திரும்பி வந்து பார்த்தபோது ஐந்து பேர்தான் நின்றுகொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி, ஜன்னல் வழியே உப்பளத்து வெயில் கண்ணைக் கூசவைக்கிற நேரம். வீட்டில் வேறு ஆள் கிடையாது. பூனைகூடக் கிடையாது.

பல்லி தட்டிவிட்டிருக்கும் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு மேஜைக்கடியில் குனிந்தார். அறுபத்து நான்கு வயது முழங்கால் சடக்கென்றது. பொம்மை கட்டைவிரல் உயரம்தான். அதற்காகக் காற்றிலா கரைந்துவிடும்? "ஏலே, எங்கன போயித் தொலஞ்ச?" என்று வைதுகொண்டே கால்மணி நேரம் தரையைத் துழாவினார். முடியாமல் எழுந்து மேஜையில் கையை ஊன்றியபோது புறங்கையில் ஏதோ இடித்து டக்கென்று சாய்ந்தது. பார்த்தால் சிப்பாய்! வைத்த இடத்திலேயே, சுவரை ஒட்டி, அவர் மூக்குக்கு நேராகத்தான் இவ்வளவு நேரமும் நின்றிருக்கிறான்.

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கெட்டிக்காரன்தான்டே நீ" என்று தன்னையே பாராட்டிக்கொண்டார். சிரித்து முடித்த பிறகுதான், அதைக் கேட்க ஒரு ஆள் இல்லையே என்று உறைத்தது.

துறைமுகத்து டிராயிங் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் கோடு போட்ட கை அது. சும்மா இருக்காது. வேலையில் இருந்தபோதே பிளாஸ்டிக் சிப்பாய்களைத் தபாலில் வரவழைத்து, காட்டுக்குள் பதுங்குகிற பட்டாளத்துக்காரர்கள் போடும் திட்டுத்திட்டான உடுப்பை அவற்றின் மேல் வரையப் பழகியிருந்தார். அதன் சூட்சுமம் நிறத்தில் இல்லை, திட்டு எங்கே உடைகிறது என்பதில் இருக்கிறது. தோள் முடிகிற இடத்தில் திட்டு முடியக்கூடாது. சட்டையில் தொடங்கிய நிறம் கழுத்தைத் தாண்டிக் கன்னம்வரை ஓட வேண்டும். அப்படிப் போட்டால், பார்க்கிறவன் கண் இதை ஒரு மனுஷன் என்று கூட்டிச் சேர்க்காமல் நழுவவிட்டுவிடும். இதையெல்லாம் யாரிடமாவது உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை.

மனைவி கிருபை இறந்து நான்கு வருஷம். ஒரே மகள் ஜெப்ஸி புனேயில் இருக்கிறாள். கிருபையை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பிய அன்று, ஊர்ச்சனம் கூடியிருந்த கூடத்தில் வைத்தே ஜெப்ஸி கேட்டுவிட்டாள்: "அம்மா முடியாமக் கெடந்து கூப்பிட்டப்பகூட, நீங்க இந்தப் பொம்மைக்குக் கண்ணு வரஞ்சுகிட்டுதானப்பா இருந்திய?"

 அது உண்மைதான். கிருபை இரண்டு தடவை கூப்பிட்டது அவர் காதில் விழத்தான் செய்தது. இந்த ஒரு கண்ணை முடித்துவிட்டுப் போவோம் என்று இருந்துவிட்டார். அதற்குப் பிறகு மகள் இந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

இப்போது வருகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினாள். "வெள்ளிக்கிழமை நாசரேத்துல கூடப் படிச்சவளுக்குக் கல்யாணம்பா. மறுநா காலைல உங்களப் பாத்துட்டுப் போறேன். பதினோரு மணிக்கு வந்துருவேன். ரெண்டு மணி நேரந்தான்."

இரண்டு மணி நேரம் அவருக்குத் தாராளம். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அவள் முகத்துக்கு நேரே நின்று, 'கூப்பிட்டது கேட்டுச்சும்மா, நாந்தான் போகல' என்று சொல்லிவிட வேண்டும். போனில் சொல்கிற காரியமா அது? நான்கு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறார்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாமல்தான் ஆறாவது சிப்பாயை எடுத்தார். சின்ன வயதில் ஜெப்ஸிக்கு அவர் பொம்மையை ஒளித்துவைப்பார், அவள் தேடி எடுத்துக் குதிப்பாள். இந்தத் தடவை அவளைக் கொஞ்சம் திணறடித்துச் சிரிக்கவைக்கலாம் என்று நினைத்தார். புத்தி போன போக்கைப் பாருங்கள். எந்தப் பொம்மையால் மகள் முகம் கொடுக்காமல் போனாளோ, அதே பொம்மையை வைத்து அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தார்.

கூடத்துச் சுவருக்குக் கடல்பச்சை பூசியிருந்தது. உப்புக்காற்றுக்கு எந்தப் பூச்சு நிற்கும்? பச்சை பொரிந்து உதிர்ந்து, அடியில் சாம்பல் காரை வெளிப்பட்டு, காரை மேல் வெள்ளையாக உப்புப் பூத்து, ஆளுயரத்துக்கு மூன்று நிறத் திட்டுகள். இந்தச் சுவரோடு சுவராக ஒருவனை மறைக்க வேண்டும் என்பதுதான் திட்டம். கடைப் பெயின்ட் எதைக் கலந்தாலும் அந்த நிறம் வரவில்லை. சுவரையே சுரண்டி, பொடியைச் சாஸரில் அரைத்து, பெயின்டில் குழைத்தார். அச்சு அசலாக வந்தது. ஒவ்வொரு நிறத்தையும் இடது புறங்கையில் தொட்டுவைத்துச் சுவரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிரஷ் நுனி பிரியும்போதெல்லாம் உதட்டில் வைத்துக் கூராக்கினார். கிருபை இருந்திருந்தால் "எச்சி வைக்காதீய, வயித்துக்குள்ள போவும்" என்று சத்தம் போட்டிருப்பாள். மூன்று நாளில் எத்தனை நூறு தடவை அப்படி வைத்தாரோ, வாயெல்லாம் சுண்ணாம்பும் உப்பும் கரித்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு, வீடு பெருக்குகிற சுடலைச்செல்வி வந்தாள். ஏசுவடியான் மேஜைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவள் அவரைத் தாண்டிப் போய் அடுக்களையை எட்டிப் பார்த்தாள். திரும்பவும் அவரைத் தாண்டி வாசலுக்கு வந்தாள்.

"கதவத் தெறந்து போட்டுட்டு இந்த அண்ணாச்சி எங்கன போனாரோ, தெரியலயே."

அவர் தொண்டையைச் செருமினார்.

"ஆத்தி!" துடைப்பம் கீழே விழுந்தது. "இங்கனயா இருக்கிய? ஒரு சத்தங் காட்டப்பிடாதா? ஈரக்குலையே நடுங்கிப்போச்சு!"

"கண்ணாடி போடணும்ளா உனக்கு."

"எங் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று முனகிக்கொண்டே பெருக்கத் தொடங்கினாள். ஆனால் அதற்குப் பிறகு அவர் பக்கம் திரும்பவே இல்லை. மேஜைக்கடியில் பெருக்காமலே போய்விட்டாள்.

அவள் போன பிறகு புறங்கையைக் கழுவினார். தொட்டுவைத்திருந்த மூன்று நிறமும் போகவில்லை. சோப்பு, மண்ணெண்ணெய், தின்னர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேய்த்ததில் தோல் எரிந்ததுதான் மிச்சம். பயறு அளவுக்கு வைத்த பச்சை, மத்தியானம் கொட்டைப்பாக்கு அளவுக்கு இருந்தது. சாயங்காலம் மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. அதன் ஓரத்தில் சாம்பல். சாம்பல் மேல் பொடிப்பொடியாக வெள்ளை. நகத்தால் கீறிப் பார்த்தார். சுவர் உதிர்வதுபோல் கொஞ்சம் உதிர்ந்தது. ரத்தம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முகம் சவரம் செய்யக் கூடத்துக் கண்ணாடி முன்னால் நின்றார். கண்ணாடியில் அவருக்குப் பின்னால் இருக்கிற சுவர் தெரிந்தது. மேஜையின் ஒரு முனை தெரிந்தது. வெளியே ஐஸ் கம்பெனி மெஷின் ஓடுகிற சத்தமும், திரேஸ்புரத்துப் பக்கமிருந்து காற்றில் வருகிற கருவாட்டு வாடையும் எப்போதும்போலவே இருந்தன. சுவரின் நடுவில், அவர் உயரத்தில், இரண்டு கண்கள் மட்டும் ஈரமாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

 இரண்டு எட்டு நகர்ந்து ஜன்னல் பக்கம் வந்தார். வந்ததும் கண்ணாடியில் ஆள் தெரிந்தது. பச்சையும் சாம்பலுமாகத் திட்டுப் பிடித்த முகம், ஆனாலும் முகம். மறுபடி சுவர்ப்பக்கம் நகர்ந்தார். ஆள் இல்லை. பட்டாளத்து உடுப்பு எந்த இடத்துக்கென்று வரையப்பட்டதோ அந்த இடத்தில்தான் வேலை செய்யும் என்று அவருக்குத் தெரியாததா? இந்தச் சுவருக்கு முன்னால் போகாமல் இருந்துவிட்டால் போதும்.

மகளுக்குப் போன் பண்ணலாமா என்று கையில் எடுத்தார். என்னவென்று சொல்வது? உடம்பு சரியில்லை என்றால், வராமல் தடுக்க அப்பா சாக்குச் சொல்கிறார் என்று நினைப்பாள். போனைக் கீழே வைத்துவிட்டார். அன்று ராத்திரி அடுக்களையில் பாய் விரித்துப் படுத்தார். இத்தனை பெரிய பயத்தைப் பங்குபோட்டுக்கொள்ள ஒரு ஜீவன் இல்லையே என்று அழுகை வந்தது.

சனிக்கிழமை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஒன்பதரைக்கே வெளிக்கேட்டில் போய் நின்றுவிட்டார். எதிரே உப்பளம் தகதகவென்று கிடந்தது. சைக்கிளில் போன பாண்டியராஜ் காலை ஊன்றி நின்றான்.

"என்ன அண்ணாச்சி, மொகமெல்லாம் தேமலா? டாக்டர்ட்ட காட்டப்பிடாதா?"

"மக வாராடே!" என்றார் ஏசுவடியான். தன்னை ஒருவன் பார்த்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் அவனைக் கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது.

பதினொன்று ஆனது. பதினொன்றரைக்கு ஜெப்ஸி போன் பண்ணினாள். "சாத்தான்குளத்துல சித்தி சாப்பிடாம விடமாட்டேங்காப்பா. ஒரு மணி ஆயிரும்."

"மெதுவா வாம்மா. நான் வாசல்லயேதான் நிக்கேன்."

சர்க்கரை நோய்க்காரர் அவர். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. பன்னிரண்டரைக்கு உப்பளத்து வெள்ளை முழுவதும் கண்ணுக்குள் கறுத்துக்கொண்டு வந்தது. கேட்டைப் பிடித்தார். கை நழுவியது. ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று தள்ளாடிக்கொண்டு உள்ளே போனார். போனை மேஜையில் போட்டுவிட்டுச் செம்பில் தண்ணீர் குடித்தார். திரும்பினார். கூடம் சுற்றியது. விழுந்துவிடாமல் இருக்க, கைக்கு எட்டியதில் சாய்ந்தார்.

சுவர்.

ஒரு நிமிஷம்தான். தலை தெளிந்தது. முதுகை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. பெயின்ட் காயாத கதவில் சாய்ந்ததுபோல் ஒட்டியிருந்தது. தோளை உலுக்கினார். அசையவில்லை. குனிந்து பார்த்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு பச்சைத் திட்டு. பக்கத்தில் இன்னொன்று. நடுவே சாம்பல். பொத்தான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

வாசலில் கார் நின்றது.

"அப்பா?"

ஜெப்ஸி உள்ளே வந்தாள். மெலிந்திருந்தாள். காதோரம் இரண்டு முடி நரைத்திருந்தது. என் பிள்ளை, என் பிள்ளை என்று அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறக்கப் பார்த்தார். உதடு பிரியவில்லை. மூடி காய்ந்து இறுகிய பெயின்ட் டப்பா மாதிரி. நாக்கு உள்ளே முட்டியது. சத்தம் இல்லை.

அவள் அடுக்களைக்குப் போனாள், கொல்லைக்குப் போனாள், திரும்பிக் கூடத்துக்கு வந்தாள். மேஜை மேல் கிடந்த அவர் போனை எடுத்துப் பார்த்தாள். பிறகு தன் போனில் கணவன் ஷாமைக் கூப்பிட்டாள்.

"இல்ல ஷாம். வீடு தெறந்து கெடக்கு. செருப்பு கெடக்கு. இப்பதான் வாசல்ல நிக்கேன்னாரு." குரல் உடைந்தது. "என்னைய பாக்கப் பிடிக்கலபோல. வேற என்ன?"

சுவரில் கையை ஊன்றினாள். அவள் உள்ளங்கை அவர் கன்னத்தில் இருந்தது. நான்கு வருஷம் கழித்துத் தொடுகிறாள். சட்டென்று கையை எடுத்துப் பார்த்தாள்.

"சொவரெல்லாம் ஈரம்" என்று சொல்லிக் கையைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

மூன்று மணிவரை காத்திருந்தாள். பிறகு போலீஸ் வந்தது. கடலோரம், உப்பளம், ஆஸ்பத்திரி எல்லாம் தேடினார்கள். பாண்டியராஜ், கேட்டில் நின்றதைப் பார்த்தேன் என்று திரும்பத்திரும்பச் சொன்னான். வீடு பூட்டப்பட்டது. வெயில் ஜன்னல் வழியே வந்து தரையில் நகர்ந்து போவதை அவர் தினமும் பார்த்தார். பசிக்கவில்லை. மூச்சு ஓடுகிறதா என்று தெரியவில்லை. கண் மட்டும் இருந்தது.

நாற்பதாம் நாளோ என்னவோ, பூட்டு திறந்தது. ஜெப்ஸி. அவள் பின்னால் பெயின்டர் அய்யாக்குட்டி, கையில் பட்டிக் கத்தியோடு.

"வாடகைக்கு விடப்போறேன் அண்ணாச்சி. இந்தக் கூடத்த மொதல்ல சரி பண்ணிருங்க."

அய்யாக்குட்டி இடது மூலையில் தொடங்கினார். சர்க். சர்க். பச்சை சுருண்டு விழுந்தது. ஒரு முழம். இரண்டு முழம். மேஜையை நகர்த்தினார். சர்க். இன்னும் ஒரு சாண்தான். கத்தி நின்றது. சுவரில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"தாயி, இங்கன வந்து பாருங்க. இந்த எடம் மட்டும் கதகதன்னு இருக்கு. மெத்துன்னும் இருக்கு."

ஜெப்ஸி வந்தாள். கிட்டத்தில் குனிந்தாள். அவள் மூச்சு அவர் மேல் பட்டது. அவர் கண்ணுக்குள்ளேயே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தும் அவள் கண் அவரைக் கூட்டிச் சேர்க்கவில்லை.

"அன்னைக்கே ஈரமாத்தான் இருந்துச்சு" என்றாள். "ஆழமாச் சொரண்டிருங்க."

அய்யாக்குட்டி கத்தியைத் துடைத்து, நெற்றிக்கு நேரே வைத்தார்.