மேலே ஸ்டூல் இழுபடும் சத்தம்

முதலில் மாறியது மின்விசிறியின் சத்தம்தான். வயதான ஆள் படியேறுவதுபோல முனகி முனகிச் சுற்றும் அந்த விசிறி, யாரும் ரெகுலேட்டரைத் தொடாமலே திடீரென்று வேகம் பிடித்தது. காலண்டர் தாள்கள் படபடத்தன, குண்டு பல்பின் மஞ்சள் வெளுத்துக் கண்கூசும் வெள்ளையானது, கட்டில் காலுக்குக்கூட கன்னங்கரேலென்று நிழல் விழுந்தது, எங்கிருந்தோ சூடான பிளாஸ்டிக் வாடை எழுந்து அறையைச் சுற்றி வந்தது. புருஷனின் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்த சின்னவள் அப்படியே கையை நிறுத்தினாள். மாடியில் ஸ்டூல் இழுபட்டது. கர்ர்ரென்று, சிமென்ட் தரையில், ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு. விசிறி பழையபடி முனகத் தொடங்கியது.

"ஆரம்பிச்சுட்டா மகராசி," என்றாள் சின்னவள்.

"அவ அப்படி... செய்ய மாட்டா," என்றான் புருஷன். அதைச் சொல்வதற்குள் அவனுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது.

பதினோரு நாளாக இதே கூத்து. முதல் நாள் இரண்டு பல்பு வெடித்தது. அடுத்து ஃபிரிட்ஜ், அதற்கடுத்து அந்த ஃபிரிட்ஜைக் காப்பாற்ற வேண்டிய ஸ்டெபிலைசர். ஆறாம் நாள், புருஷனின் நுரையீரலுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஆக்சிஜன் மெஷினே புகைந்து நின்றது. கைவசமிருந்த ஒரே சிலிண்டரும் அன்றைக்கே தீர்ந்து இப்போது மூலையில் வெறுமனே நிற்கிறது. வேறு மெஷின் கொண்டுவந்து வைத்த ஆள் போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனான்: "இதுவும் போச்சுன்னா எங்ககிட்ட வேற இல்லம்மா. கரண்ட்டைப் பாருங்க முதல்ல." குழாயை எடுத்தால் கால் மணி நேரம்கூடத் தாங்காது என்பது அவளுக்குத் தெரியும்.

கரண்ட்டைப் பார்ப்பானேன்? சின்னவளுக்குத்தான் காரணம் தெரியுமே. மாடியில் தனியாக இருக்கும் அக்கா. வீட்டைப் பாகம் பிரித்த நாளிலிருந்து இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அன்றைக்கு வாசலில் நின்று, "நான் செத்தாலும் கீழ இறங்கி வர மாட்டேன்டி" என்றாள் அக்கா. "நீ செத்தாலும் நான் மேல ஏறி வர மாட்டேன்" என்றாள் இவள். படிக்கட்டு வீட்டின் வெளிப்பக்கம் இருந்ததால் இருவருக்கும் சௌகரியமாகப் போயிற்று. அந்தப் பக்கத்து ஜன்னலைச் சின்னவள் திறப்பதே இல்லை.

மேலே என்னத்தையோ போடுகிறாள், ஹீட்டரோ மோட்டாரோ, இங்கே எரிந்து சாகட்டும் என்றே போடுகிறாள். இப்படித்தான் சின்னவள் நம்பினாள். விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடித்தும் பார்த்தாயிற்று. பதிலில்லை. நள்ளிரவு, விடியல், மத்தியானம் என்று நேரங்காலம் இல்லாமல் விளக்கு வெளுக்கும், ஸ்டூல் இழுபடும், கொஞ்ச நேரம் கழித்து அதே ஸ்டூல் திரும்ப இழுபட்டுப் போகும். சந்தேகம் வந்துவிட்டால் கூரையைத் தாண்டியும் கண் தெரியும் போலிருக்கிறது. அக்கா தரையில் காதை வைத்துப் படுத்து, கீழே மெஷின் நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பதை அவள் பார்த்தே விட்டாள்.

அன்று சாயங்காலம் எலெக்ட்ரீஷியன் வந்தார். கனத்த உடம்பு, சட்டைப் பையில் டெஸ்டர், வாயில் எப்போதும் ஒரு பேச்சு. அவள் மாடிக் கதையைச் சொல்லி முடிக்கும்வரை தலையாட்டிவிட்டு, "எல்லா வீட்லயும் மேல் வீட்டுக்காரங்கதான்மா திருடங்க. எதுக்கும் மீட்டரையும் ஒரு வார்த்தை கேட்டுடுவோம்" என்று பிளக் பாயிண்ட்டில் மீட்டரின் இரண்டு முனைகளைச் சொருகிவிட்டு உட்கார்ந்தார். மீட்டர் காட்டிய வோல்ட் சரியாகத்தான் இருந்தது. இருநூற்று முப்பது. ஸ்விட்ச் போர்டைக் கழற்றி, உள்ளே சுவர்க் குழாய்க்குள் மேலேறிப் போகும் கறுப்புக் கம்பியை விரலால் தொட்டுக்கொண்டே போய் நின்றார்.

"யாரு போட்ட வயரிங்?"

"எங்கப்பா. அவரே போட்டாரு. வேற யாரையும் நம்ப மாட்டாரு."

"அதான பாத்தேன். வர்ற கரண்ட் திரும்பிப் போக ஒரு வழி வேணும்ல, அதான் நியூட்ரல். மாடிக்கும் கீழுக்கும் லைன் தனித்தனியா இருக்கு, திரும்பற வழி மட்டும் ஒண்ணு. உங்க நியூட்ரல் மாடிக்குப் போயி, அங்க ஒரு ஜாயிண்ட்ல சேர்ந்துதான் வெளிய போகுது. அந்த ஜாயிண்ட் விட்டுப்போச்சுன்னா கீழ வோல்டேஜ் எகிறும், மேல படுத்துடும். யாரும் எதையும் போடணும்னே இல்ல."

அந்த ஜாயிண்ட் சின்னவளுக்கு நினைவிருந்தது. அப்பா கம்பிகளை வெறும் கையால் முறுக்குவார். ஒவ்வொரு மழைக்கும் அது தளரும். அப்போதெல்லாம் அக்காவை ஸ்டூல் மேல் ஏற்றி அதைப் பிடிக்கச் சொல்லுவார், சின்னவள் கீழே பல்பைப் பார்த்து நிற்க வேண்டும். சுவர்க் குழாய் வழியாக அக்காவின் குரல் இறங்கி வரும்: "சின்னி, எரியுதா?" இவள், "எரியுதுக்கா!" என்று கத்துவாள். விளையாட்டுக்குப் பேசாமல் இருந்தால், அக்கா கம்பியை விட்டுவிட்டு, என்ன ஆச்சோ என்று படியிறங்கி ஓடி வருவாள்.

விசிறி வேகம் பிடித்தது.

"இருங்க," என்றார் எலெக்ட்ரீஷியன். இருநூற்று அறுபது. இருநூற்றுத் தொண்ணூறு. முந்நூற்று நாலு. மெஷின் கீச்சென்றது. பிறகு மாடியில் ஸ்டூல் இழுபட்டது. இருநூற்று முப்பது.

அவர் மேலே பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. "கவனிச்சீங்களா? நீங்க சொன்னது தலைகீழ். ஏறினது முதல்ல. ஸ்டூல் சத்தம் அப்புறம். சத்தம் வந்ததும் அடங்கிடுச்சு. மேல யாரோ ஏறி நின்னு ஜாயிண்ட்டைப் பிடிக்கிறாங்கம்மா. வெறும் கையால."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பதினோரு நாள். இந்த மனுஷனின் மூச்சுக்காக. கட்டில் பக்கம் திரும்பினாள். "நான் சொன்னேன்ல" என்பதுபோல அவன் பார்த்தான். மேலே ஸ்டூல் மெதுவாகத் திரும்பி இழுபட்டுப் போய் நின்றது. அவள் வாய்விட்டு அழுதுகொண்டே வெளியே ஓடினாள், இரண்டு வருஷமாகக் கால் வைக்காத படிக்கட்டில் ஏறினாள்.

பாதிப் படியிலேயே வாடை வந்தது. எலி செத்த வாடை என்று முதலில் நினைத்தாள். நினைக்க ஆசைப்பட்டாள் என்பதுதான் சரி.

"அக்கா! நான்தான்க்கா!"

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. எலெக்ட்ரீஷியன் நீளமான ஸ்க்ரூடிரைவரைச் சந்தில் விட்டுத் தாழ்ப்பாளை நெம்பினார். உள்ளே ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன, சின்ன பல்பு ஒன்று எரிந்தது. அக்கா கட்டிலில் படுத்திருந்தாள். கழுத்துவரை போர்வை. எலெக்ட்ரீஷியன் குனிந்தார், மூக்கைப் பொத்தினார், பின்னால் நகர்ந்தார்.

"இன்னிக்கு நடந்தது இல்லம்மா இது," என்றார். "பத்து நாளாவது இருக்கும்."

"இல்ல. இப்பத்தான... நீங்களும் கேட்டீங்களே."

அவர் தரையைப் பார்த்தார். கட்டிலை ஒட்டி ஸ்டூல் இருந்தது. அதிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் தரையில் கோடுகள். ஒன்றிரண்டு இல்லை. போய் வந்து, போய் வந்து, சிமென்ட் வெளுத்துப் பொடியாகியிருந்தது. சுவரில் மூடியில்லாத பெட்டி. அவர் டார்ச் அடித்தார். கம்பிகள் ஒன்றையொன்று பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருந்தன, செம்பில் கருகிய தோல் ஒட்டியிருந்தது. போர்வைக்கு வெளியே கிடந்த அக்காவின் வலது உள்ளங்கையில், குறுக்காக, எலும்புவரை ஒரு கறுப்புக் கோடு.

கீழே இறங்கியதும் எலெக்ட்ரீஷியன் வண்டிச் சாவியைத் தேடினார், கையிலேயே வைத்துக்கொண்டு. "மெயினை இறக்காம அதைத் தொட முடியாது. இறக்கினா மெஷின் நின்னுடும். சிலிண்டர் கொண்டாறேன், ஆம்புலன்ஸுக்கும் சொல்லிடறேன். இருபது நிமிஷம். அதுவரை மேல போகாதீங்க." வண்டி தெருமுனை திரும்பும் சத்தம் தேய்ந்தது.

அவள் கட்டிலோரம் உட்கார்ந்து புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. மெஷின் உஸ்ஸென்று இழுத்து, டக்கென்று விட்டு, மறுபடி இழுத்தது.

விசிறியின் சத்தம் மாறியது.

வேண்டாம் என்று நினைத்தாள். இப்போது வேண்டாம்.

பல்பு வெளுத்தது. மெஷின் கீச்சிட்டது. சூடான வாடை.

மேலே கட்டில் கிறீச்சிட்டது.

தரையில் பாதம். இன்னொரு பாதம்.

ஸ்டூல் இழுபட்டது.

விசிறி அடங்கியது, வெளிச்சம் மஞ்சளானது, புருஷனின் மார்பு ஏறி இறங்கியது. ஸ்விட்ச் போர்டு இன்னும் திறந்தே கிடந்தது. அதன் பின்னாலிருந்த சுவர்க் குழாயிலிருந்து குரல் வந்தது. தொண்டை காய்ந்து போனவள் பேசுவது போன்ற குரல்.

"சின்னி... எரியுதா?"

சின்னவள் குழாயின் வாயையே பார்த்தாள்.

"எரியுதா?"

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

மேலே ஸ்டூலிலிருந்து யாரோ இறங்கினார்கள். பல்பு வெள்ளையானது. பாதங்கள் கதவைக் கடந்தன. படிக்கட்டுக்கு வந்தன. முதல் படி. இரண்டாம் படி. மெஷின் அலறியது. புருஷனின் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிறாண்டின. அஞ்சாம் படி. ஆறாம் படி.

"எரியுதுக்கா!" கத்தினாள். "எரியுதுக்கா! வராத! மேல போ! போய்ப் பிடிச்சுக்கோ!"

பாதங்கள் நின்றன. படியில் திரும்பின. ஏறின. தலைக்கு மேல் ஸ்டூல் கிறீச்சென்றது.

வெளிச்சம் மஞ்சளானது. மெஷின் இழுத்தது, விட்டது. புருஷன் மூச்சு விட்டான். தெருவில் வண்டிச் சத்தம் எதுவும் இல்லை. சுவர்க் குழாயின் வாயிலிருந்து நூல்போல ஒரு புகை இறங்கியது. இந்த முறை பிளாஸ்டிக் வாடை இல்லை. கறி கருகும் வாடை.

"எரியுதா?"

"எரியுதுக்கா," என்றாள் சின்னவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழாய்க்குப் பக்கத்தில் வாயை வைத்து, இன்னும் மெதுவாகச் சொன்னாள். "கையை எடுத்துடாதக்கா."