பிடிமண்

"ஒரு பிடி மண் குடுங்க சார்."

கேட்டேவிட்டாள் ஈஸ்வரி. அவளுடைய மலைக்கிராமத்தில் யாரும் பிடிமண்ணைக் கேட்டு வாங்குவதில்லை. நன்றாக விளைந்த நிலத்துக்காரர் தானாக அள்ளிக் கொடுப்பார். வாங்கியவர் அதைத் தன் கொடியடியில் தூவி, பதிலுக்குத் தன் நிலத்திலிருந்து ஒரு பிடி கொடுப்பார். கேட்டு வாங்கினால் கொடுத்தவனை அந்த மண் சும்மா விடாது என்று அம்மா மாதம்மாள் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள்.

நாற்றுப்பண்ணை முதலாளி கோபால்சாமி சிரித்தார். "ஊருக்கே மொத டிகிரி நீதான்றாங்க. மண்ணு கேட்டு வந்துக்கிறே?"

காவலூர் ரோட்டோரம் இருந்த அந்தக் கண்ணாடிக் கூடாரத்துக்குள், மழை நின்ற மத்தியானத்தின் புழுக்கமும் ஈரவேர் வாடையும் மூச்சை அடைக்க, திராட்சைத் தாய்க்கொடிகள் வரிசைவரிசையாக அசையாமல் நின்றன. வாசலிலேயே செருப்பைக் கழற்றவைத்து, மருந்துத்தண்ணீர்த் தொட்டியில் காலை முக்கவைத்த பிறகுதான் அவளை உள்ளே விட்டிருந்தார்கள். அதுதான் உறுத்தியது. மூன்று வருஷத்துக்கு முன் அப்பா ரங்கசாமியோடு கன்று வாங்க வந்தபோது இந்தத் தொட்டி இல்லை.

"மண்ணுல நூற்புழு இருந்தது உங்களுக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் அந்தக் கன்னுங்கள எங்கப்பா தலையில கட்டினீங்க."

"யார்றா இவ! புழுவா? எந்தப் புழு?"

கல்லூரி மைக்ராஸ்கோப்பில் அவள் பார்த்த புழு. நூலைவிட மெல்லியது, வாயில் ஊசி. நோய்கண்ட வேரைக் குத்தி உறிஞ்சும். தொண்டையில் ஒட்டிக்கொண்ட வைரஸை அடுத்த வேரில் இறக்கும். கொடியைப் பிடுங்கி எரித்தாலும், மண்ணுக்குள் மிச்சமிருக்கும் வேர்த்துண்டைக் குடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கும்.

முதல் வருஷம் அப்பாவின் கொடி தழைத்தது. வேறு பண்ணைக் கன்று நட்டிருந்த பதினொரு வீட்டுக்கும் பெருமையாகப் பிடிமண் கொடுத்தார். தாம்பாளத்தில் தூக்கிப் போனவள் ஈஸ்வரி. இப்போது அந்தப் பதினொரு நிலத்திலும் இலைகள் விசிறிபோலக் குறுகி, நரம்போடு மஞ்சள் ஓடிக் கிடக்கின்றன.

"பரப்பினது ஒங்க குடும்பம். ஊடு ஊடா தூக்கினு போனது நீ. போய் ஒங்கப்பனக் கேளு."

நோய்கண்ட கொடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டு, அப்பா காலி நிலத்தில் காதை வைத்துப் படுத்துக் கிடக்கிறார். குடிக்குது பாரு, குடிக்குது பாரு என்கிறார். அவளுக்கு ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை.

கோபால்சாமி குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தார். "கிருமி சாவ ஆவியில வேகவெச்ச மண்ணு. இன்னா டெஸ்ட் வேணா பண்ணிக்க. கெளம்பு."

"வாங்கிட்டேன். பதில் குடுக்கணும்ல சார்?"

இடது கையால் பைக்குள்ளிருந்து துணிமுடிச்சை எடுத்தாள். பல்லால் அவிழ்த்து, பக்கத்துக் கொடியின் அடியில் கொட்டினாள்.

"ஏய்! இன்னாடி அது?"

"எங்கப்பா நிலம்."

அவர் சிரிப்பு அறுந்தது. மண்டியிட்டு, கொட்டிய மண்ணை இரண்டு கையாலும் வாரப் பார்த்தார். விரல்கள் உள்ளே போயின.

அப்போது கேட்டது. இளநீரின் கடைசிச் சொட்டை உறிஞ்சுகிற மாதிரி. ஓரிடத்திலிருந்து அல்ல. காலடி முழுக்க.

"கைய எடுங்க சார்." அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"வரலம்மா."

இழுத்தார். வரவில்லை. மண் அசைந்தது. புறங்கை நரம்போடு மஞ்சள் ஏறியது. மணிக்கட்டு. முழங்கை. கழுத்து. வெறுங்கால் விரல்களும் புதைந்திருந்தன. காதுமடல்கள் மெல்லச் சுருங்கின. விசிறிபோல.

"ஈஸ்வரி... தண்ணி..."

முதல் தடவையாக அவர் வாயில் அவள் பெயர்.

தண்ணீர்க் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் தொடவில்லை. உறிஞ்சும் சத்தம் தொடர்ந்தது. அவர் வாய் திறந்தபடி நின்றது. உதட்டிலும் மஞ்சள்.

வாசல் தொட்டியில் காலை முக்காமல் தாண்டினாள். செருப்பை எடுக்கவில்லை. மலைக்குப் போகும் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவள் எதிர்ப்பக்கம் நடந்தாள். அவருடைய இன்னொரு தோட்டம் கீழே கணியம்பாடியில் இருக்கிறது.

அவர் கொடுத்த மண்ணை மூடிய வலது கைக்குள் மெல்லிதாக ஏதோ குடிக்கும் சத்தம். கையை அவள் திறக்கவில்லை.