வேலிக்குள் மட்டும் பச்சை

இப்போதெல்லாம் எவனும் எதையும் முகர்ந்து பார்ப்பதில்லை. பச்சையாகத் தெரிந்தால் போதும், ஆட்டை அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள். டோர்லிக் கிழவருக்கு அந்த வேலிக்குள் இருந்த புல்லைக் கண்டாலே பிடிக்கவில்லை. சுற்றிலும் மங்கோலியப் புல்வெளி வெயிலில் பழுத்துக் கிடக்க, அது மட்டும் கருகருவென்று நின்றது. மழைக்குப் பிறகு அங்கே வட்டம் கட்டி முளைக்கும் வெள்ளைக் காளான் இந்த வருஷம் ஒன்றுகூட இல்லை.

நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள் வருஷா வருஷம் யூரியா தூவிய இடம். தோண்டிப் பார்க்கிறோம் என்று அவர்கள் கேட்டபோது அவர்தான் விரட்டினார். பூமியைக் கீறுவது பாவம். மேலே தூவினால் பாவமில்லை என்று விட்டுவிட்டார். அதனால் அடியில் என்ன இருக்கிறதென்று இதுவரை யாரும் பார்க்கவில்லை.

"யூரியா போட்டா மண்ணுல பூஞ்சை குறையும், பாக்டீரியா பெருகும், அவ்வளவுதான்னு அவங்களே சொன்னாங்க," என்றான் மகன் துகார். "வேற எங்கப்பா புல்லு இருக்கு? இன்னிக்கும் திறக்கலேன்னா, பனி விழறப்ப ஆட்டுக்கு உங்க தாடியத்தான் அறுத்துப் போடணும்."

"நான் பாத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் கதவத் தொடாத."

உள்ளே போனதும் ஆட்டுப்பட்டி மூத்திரத்தின் காரநெடியும், அதற்கு அடியில் திரிந்த பாலைப் போல ஓர் இனிப்பு நாற்றமும் தொண்டையில் வந்து ஒட்டிக்கொண்டன. காற்றடித்தும் புல் சலசலக்கவில்லை, நனைந்த மயிரைப் போல ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு ஆடியது. பூட்ஸ் வைத்த இடமெல்லாம் மெல்ல உள்வாங்கி, எடுத்ததும் மெல்ல மேலெழுந்தது. குனிந்து ஒரு கொத்தைப் பிடித்தார். இழுக்கக்கூட இல்லை. அழுகிய தோலிலிருந்து கழன்று வருவதுபோல் கையோடு வந்தது. அடியில் மண்ணைக் கட்டிப் பிடிக்கும் வெள்ளைப் பூஞ்சை இழை ஒன்றுமில்லை. சாம்பல் நிறக் கூழ். வெதுவெதுப்பாக இருந்தது. விரலை எடுத்தார். கோழை போல நூலாக நீண்டு வந்தது.

பின்னால் கதவு கிறீச்சிட்டது. துகார் பொறுக்காமல் திறந்துவிட்டிருந்தான்.

இத்தனை நாள் வேலிப்பக்கமே ஒதுங்காத ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. புல்லைத் தொடவில்லை. அவர் பிய்த்த இடத்தில் மூக்கைப் புதைத்தன.

சளக். சளக்.

ஒன்றும் தலை தூக்கவில்லை.

ஒரு தாயாட்டின் பிடரியைப் பிடித்து இழுத்தார். வந்தது. உதடுகள் வரவில்லை. மண்ணிலேயே ஒட்டிக்கொண்டு நின்றன. ரத்தமில்லை. ஆடு கத்தவுமில்லை. வெறும் பல்வரிசை மென்றுகொண்டிருந்தது.

"டேய், இது வாயப் பாருடா."

துகார் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தான். "வாய்ப்புண்ணுப்பா. களிம்பு போட்டா ஆறிடும். விடுங்க, திங்கட்டும்."

வாய்ப்புண்ணை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். நம்பாமல் வாசலைப் பார்த்து நடந்தார். ஒரு தடவை திரும்பினார்.

மண்ணில் கிடந்த உதடுகளும் மென்றுகொண்டிருந்தன.